பூக்கண் திறந்த கோட்டு

காஜா வேறு, பூக்கண் வேறு. ஏட்டையா என் வாக்குமூலத்தை எழுதிப் படித்துக் காட்டினார். இரண்டையும் ‘பித்தான் ஓட்டை’ என்றே போட்டிருந்தார். அவரைக் குறை சொல்லவில்லை. போட்டுக்கொள்கிறவருக்கு எல்லாமே ஓட்டைதான், தைக்கிறவனுக்குத்தான் இந்த வித்தியாசமெல்லாம். காஜா பித்தானுக்கு உரியது. நாள் முழுக்க இழுபடும், அதனால் ஓரத்தைக் கெட்டி நூலால் நெருக்கிக் கட்ட வேண்டும். பூக்கண் கோட்டின் காலர் மடிப்பில், இடது மார்புக்கு மேலே இருக்கும். அதற்கு எதிரே பித்தான் கிடையாது. பூவின் காம்பைச் செருகிக்கொள்ள வைத்தது அது. பின்பக்கம் காம்பு நழுவாமலிருக்க நூலில் ஒரு சின்ன வளையம் போடுவோம். மற்ற ஊர்களில் என்ன பெயரோ தெரியாது. நான் தொழில் கற்ற மண்ணடிக் கடையில் பூக்கண் என்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பூக்கண்ணை எடுப்பது ஒரு வேலை, திறப்பது ஒரு வேலை. நூலால் சுற்றிக் கட்டிவிட்டு நடுவில் வெட்டாமல் விட்டுவிட்டால் பார்வைக்குக் கண் மாதிரியே இருக்கும், பூ நுழையாது. பெரும்பாலும் அப்படித்தான் விடுவோம். இந்த வெயிலில் கோட்டு போடுகிறவனே அபூர்வம், இதில் பூ யார் வைக்கிறார்கள்? இவ்வளவு விவரம் எதற்கு என்று நினைக்காதீர்கள் ஐயா. நடந்ததெல்லாம் இதற்குள்தான் இருக்கிறது.

கும்மிடிப்பூண்டி பஜாரில் வேங்கடேசன் டைலர் என்று யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். சொன்ன நாளில் துணி கொடுப்பவன், அதிகம் பேசாதவன் என்பார்கள். குடி கிடையாது. அந்தக் கணக்கை எங்கள் நைனா எனக்கும் சேர்த்துத் தீர்த்துவிட்டுப் போய்விட்டார். எங்களுக்கு நிலம் இருந்தது. பாதி அவர் கையால் போயிற்று, மீதி தொழிற்பேட்டைக்குப் போயிற்று. இப்போது இரும்பு உருட்டும் கம்பெனியின் கொட்டகை நிற்கிற இடத்தில் நாங்கள் நெல் அடித்தோம். அதில் எனக்கு வருத்தமில்லை. ஊரோடு ஒத்து வாழ வேண்டியதுதானே.

அந்த நிலத்தில் ஆயுசெல்லாம் உழைத்தவர் அப்பாவு. ரோட்டை ஒட்டிய காலனியில் குடியிருந்தார். அவர் மகள் சாராள் எனக்குக் காஜா எடுத்துக்கொடுப்பாள். வெட்டித் தைத்த துணிகளை மூட்டையாகக் கட்டி நானே அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைப்பேன். அவளைப் போல் சுத்தமாகக் கட்டுகிற கையை மண்ணடியிலும் பார்த்ததில்லை. தண்ணீர் குடியுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். குடித்ததில்லை. தாகம் இருக்காது, அதுதான் காரணம்.

சித்திரையில் அவள் தம்பி ஜெயராஜ் கடைக்கு வந்தான். கம்பெனியில் சடையப்பன் என்கிற கான்டிராக்டரிடம் கூலியாக இருந்தவன். எங்களை நிரந்தரம் பண்ணு என்று ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்ததும் அவன்தான். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் பெயர் கிரேஸ், பொன்னேரிப் பக்கம். தனக்கும் மாப்பிள்ளைத் தோழன் ஜோசப்புக்கும் ஆளுக்கொரு கோட்டு வேண்டும் என்றான். அப்பாவுவும் கூட வந்திருந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“இன்னா நைனா வெளியவே நின்னுக்கினு கீறே? உள்ள வா. நாற்காலி கீது, குந்து” என்றான் ஜெயராஜ்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். “சின்னய்யா…” என்றார்.

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். எங்கள் நைனா கடைசிக் காலத்தில் வந்து உட்காரும் நாற்காலி அது. எனக்கு அதில் ஒன்றுமில்லை, நாற்காலி உட்காருவதற்குத்தான். அவர்கள் போனதும் துடைத்தேன். தையல் கடையில் பஞ்சும் தூசியும் பறக்கும், எப்போதும் துடைப்பதுதான்.

அளவு எடுக்கும்போது ஜெயராஜ் ஒன்றைக் குறிப்பாகச் சொன்னான். “அண்ணா, காலராண்ட பூ சொருவுறதுக்கு ஒண்ணு வெப்பாங்களே, அது நெசமாவே தொறந்து இருக்கணும். சும்மா நூலைப் போட்டு ஏமாத்திடாதீங்க. எங்க வம்சத்துலயே கோட்டு போடப்போறவன் நான்தான். பூவோட போடணும்.”

கருநீல டெரிலின் எடுத்துக் கொடுத்திருந்தான். தோளுக்கு நல்ல தோள். தையல்காரனுக்கு இப்படி ஒரு உடம்பு எப்போதாவதுதான் கிடைக்கும். மனம் வைத்துத்தான் வெட்டினேன், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கோட்டு பாதியில் இருக்கும்போது சடையப்பன் வந்தான். கம்பெனி ஆட்களுக்குக் காக்கி உடுப்பு தைக்கும் வேலை அவன் மூலமாகத்தான் எனக்கு வந்துகொண்டிருந்தது. வந்தவன் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தான்.

“இன்னாபா வேங்கடேசா, ஸ்டிரைக்கு கிரைக்குன்னு கம்பெனிய மூடிட்டான்னு வெச்சிக்க. நீ யாருக்குக் காக்கி தெப்பே?” என்றான். நான் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். “அந்த ஜெயராஜுக்கு லாரி இடிச்சு ஒரு கால் போனா போதும்பா. உசுருக்கு ஒண்ணும் ஆவாது. மூணு மாசம் படுத்துக்கினான்னா இதெல்லாம் தன்னால அடங்கிடும்.”

லாரி மோதினால் ஒரு கால் மட்டும் எப்படிப் போகும் என்று நீங்கள் இப்போது கேட்கிறீர்கள். நான் அப்போது கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பான், பதில் தெரிந்த பிறகு எனக்குத் தூக்கம் வந்திருக்காது. அவன் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஒருவன் மூன்று மாதம் படுத்திருப்பதும் இருநூறு குடும்பம் பட்டினி கிடப்பதும் ஒன்றாகுமா? இப்படியெல்லாம் யோசித்தேன். யோசனைக்கு என்னிடம் எப்போதும் பஞ்சமில்லை.

சடையப்பன் பிடித்த லாரி டிரைவர் சூளூர்ப்பேட்டைப் பக்கத்து ஆள். ஜெயராஜை முன்பின் பார்த்ததில்லை. அடையாளம் வேண்டும் என்றானாம். கோட்டில் பூ வைத்திருப்பவன்தான் ஆள் என்று முடிவாயிற்று. கல்யாணத்தன்று சாயங்காலம் விருந்தாளிகளைப் பஸ் ஏற்றிவிட மாப்பிள்ளை ரோட்டுக்கு வருவான். காலனியில் அது வழக்கம்.

எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளைத் தோழன் பக்கத்தில் நிற்பான், அவ்வளவுதான். அவனுக்கு யார் பூ வைக்கிறார்கள்? அவர்கள் வழக்கம் எனக்குத் தெரியாது. சாராள்தான் சொன்னாள். “தோழன் கோட்டுலயும் பூ வெப்பாங்கண்ணா. ரெண்டுலயும் எடுத்துட்டேன், நீங்க தொறந்துடுங்க” என்று மூட்டையைக் கொடுத்தாள். தம்பி கோட்டின் பூக்கண்ணுக்கு மட்டும் அவளே பட்டு நூல் வாங்கிவந்து கட்டியிருந்தாள். அதைப் பார்த்து, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். பொய் இல்லை.

ஜோசப்பின் கோட்டில் பூக்கண்ணைத் திறக்காமல் விட்டேன். பூ வைத்த கோட்டு இரண்டு இருந்தால் பாவம் ஜோசப்புக்கு ஏதாவது ஆகிவிடுமே என்ற கவலை. அப்பேர்ப்பட்ட நல்லவன் நான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மதராஸ் போய்ப் பூக்கடையில் சிவப்பு ரோஜாவாகப் பார்த்து வாங்கி வந்தேன். நம் பஜாரில் மல்லியும் கனகாம்பரமும்தான் கிடைக்கும். காலையில் கோட்டுகளோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஜெயராஜுக்குக் கோட்டை மாட்டி, தோளை நீவி, அவன் மார்பின் மேலேயே பூக்கண்ணைச் சின்னக் கத்தரியால் திறந்தேன். கத்தரி பட்டுவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். காம்பைச் செருகினேன். அவன் குனிந்து பூவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. “கரீட்டா கீதுண்ணா” என்றான்.

ஜோசப் தன் பூவோடு வந்து நின்றான். அவன் கோட்டில் நுழையவில்லை. சாராள் பிளேடு எடுத்துவரப் போனாள். டெரிலின் பிரிந்துவிடும், இப்போது கை வைக்காதே என்றேன். ஊக்கு குத்தலாமா என்றாள். துணி பாழாகும் என்றேன். தையல்காரன் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் ஏது? ஜோசப் சிரித்துக்கொண்டே தன் பூவை ஒரு குழந்தை தலையில் வைத்துவிட்டான்.

பூதான் அடையாளம் என்றால் சாயங்காலம் நீ ஏன் ரோட்டில் போய் நின்றாய் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. வேறு யாருக்கும் தவறி ஏதும் நேர்ந்துவிடக் கூடாதே என்றுதான். டிரைவர் வண்டியை டீக்கடை தாண்டிப் புளியமரத்தடியில் நிறுத்தியிருந்தான். நான் டீக்கடை ஓரமாக நின்றேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. காலனிக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் வந்தது.

ஒரு விஷயத்தில் கணக்குத் தப்பிவிட்டேன். கோட்டு போட்டவன் அன்றைக்கு முழுதும் அதைக் கழற்றமாட்டான் என்று நினைத்தேன். நானாக இருந்தால் கழற்றியிருக்க மாட்டேன். எங்கள் வீட்டில் எவனும் கழற்றியிருக்க மாட்டான். ஜெயராஜ் போட்டோ எடுத்து முடித்ததும் அதைக் கழற்றி, பூவோடு அப்படியே தகப்பனுக்குப் போட்டுவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பந்தி பரிமாறப் போய்விட்டானாம். கிழவர் வேண்டாம் வேண்டாம் என்றாராம், பிறகு கழற்றவே இல்லையாம். இதையெல்லாம் பிறகு சொன்னார்கள்.

விருந்தாளிகளைப் பஸ் ஏற்றிவிட வந்தவர் அப்பாவுதான். பஸ் கவரப்பேட்டைப் பக்கம் போயிற்று. வீட்டுக்குத் திரும்பி ரோட்டோரமாக நடந்தார். லாரி விளக்கைப் போடாமல் கிளம்பியது. அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். லாரி ஆந்திராவுக்குள் போய்விட்டது. யாரும் நம்பர் பார்க்கவில்லை என்றார்கள், விபத்து என்று எழுதினீர்கள். நான் வந்து சொல்லாவிட்டால் அது விபத்தாகவே இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் சாராள் கடைக்கு வந்தாள். கையில் அந்தக் கோட்டு இருந்தது. விடியற்காலையிலேயே துவைத்திருக்கிறாள், ஈரம் போகவில்லை. முதுகில் நீளமாகக் கிழிந்து, ஒரு கை தோளோடு பிரிந்து தொங்கியது. பூக்கண் மட்டும் ஓர் இழைகூடப் பிரியவில்லை.

“அண்ணா, இதப் போட்டுத்தான் நைனாவ அனுப்பணும்னு தம்பி சொல்லுது. பெட்டிக்குள்ள போறதுதானே, சும்மா ஒப்பேத்திக் குடுத்தா போதும்” என்றாள். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது.

நான் ஒப்பேற்றவில்லை. உள்பக்கம் துண்டு கொடுத்து, இழைக்கு இழை சேர்த்து, தையல் தெரியாமல் முடித்தேன். அவ்வளவு கவனமாக நான் எதையும் தைத்ததில்லை. அவள் அதே நாற்காலியில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்துக் கொடுத்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “எங்க நைனா சாவுறதுக்கு முன்னால ஒரு நாளாச்சும் நாலு பேருக்கு நடுவுல மனுசனா நின்னுச்சு. நீங்க தெச்சதுதாண்ணா” என்றாள். மெஷினில் கத்தரி கிடந்தது. அதை எடுத்து என் விரல்களை வெட்டிக்கொண்டால் என்ன என்று தோன்றியது. தோன்றியதோடு சரி. நான் அப்படியெல்லாம் செய்கிறவன் இல்லை. அடக்கத்துக்கும் போனேன், மண்ணும் போட்டேன். மறுநாள்தான் இங்கே வந்தேன்.

இங்கே வந்தும் நான் உண்மையை முழுதாகச் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது ஐயா. உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிற வெட்கம் இல்லை இது. எனக்குள் ஒரு ஆள் இருந்திருக்கிறான், அவனோடு இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்து எழுந்திருக்கிறேன் என்கிற வெட்கம்.

பூவை அடையாளமாக வைப்பது என்று முடிவாயிற்று என்றேன். தானாக முடிவாகவில்லை. சடையப்பன் என்னைக் கேட்டது ஆளைக் கை காட்ட முடியுமா என்று மட்டும்தான். பூ யோசனை என்னுடையது. அந்தக் கோட்டோடும் அந்தப் பூவோடும் அவன் ரோட்டில் விழ வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. காக்கி ஆர்டர் போயிருந்தால் வேறு வேலை கிடைத்திருக்கும், ஊரில் தைக்கத் துணியா இல்லை? பந்தலுக்கு வந்தவனெல்லாம் அவனை “மாப்ளே சார்” என்று கூப்பிட்டான். நான் கத்தரியோடு ஓரமாக நின்றேன். எங்கள் களத்தில் பதர் தூற்றியவன் மகன் அவன்.

ஆள் மாறிப்போனதால் நேர்ந்தது என்று ஏட்டையா எழுதியிருக்கிறார். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

பஸ் போனதும் அப்பாவு திரும்பி நடந்தார் என்றேன். நேராக நடக்கவில்லை. டீக்கடை ஓரத்தில் என்னைப் பார்த்துவிட்டார். ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்தார். டீக்கடைப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. கோட்டு தொளதொளவென்று இருந்தது, பூ கொஞ்சம் வாடியிருந்தது. பிறந்ததிலிருந்து நான் பார்த்த முகம். அவரை ஜெயராஜ் என்று நினைக்க வழியே இல்லை.

என் தோளில் கையைப் போட்டார். “இன்னா டைலர் தம்பி, இங்க நின்னுக்கினு கீறே? எம்புள்ளைக்கு ராஜாவாட்டம் தெச்சுக் குடுத்துட்டு, சாப்டாம போறதா? வா, ஊட்டுக்கு வா, எம்பக்கத்துல குந்தி சாப்டு” என்றார்.

அன்றைக்குக் காலை வரைக்கும் நான் அவருக்குச் சின்னய்யா. எங்கள் நைனா செத்தபோது பாடைக்குப் பின்னால், எல்லோருக்கும் பின்னால், தள்ளி வந்தவர். அந்தக் கை என் தோளில் இருந்தது. அதில் கள்ளமில்லை. பிள்ளைக்குக் கல்யாணம் பண்ணிய சந்தோஷத்தில், பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டார். அது அப்போதே எனக்குத் தெரிந்தது, தெரியாமல் இல்லை.

“நீங்க போங்க, வரேன்” என்றேன்.

கோட்டில் புழுதி படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார். கூப்பிட்டு நிறுத்தப் போதுமான நேரம் இருந்தது. நான் புளியமரத்தடிக்கு நடந்து போனேன். அங்கிருந்து பார்த்தால் அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினான். “பூ வெச்ச கோட்டு. உங்கிட்ட பேசினானே, அவன்தானே?” என்றான்.

அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. “நடையப் பாத்தா கெழவனாட்டம் கீதே. கல்யாண மாப்ளேன்னு சொன்னாங்க. தப்பா பூடப் போவுதுணா, இன்னொரு தபா நல்லா பாத்துச் சொல்லு” என்றான்.

நன்றாகப் பார்த்தேன் ஐயா. பார்த்துவிட்டு, “அவன்தான், போ” என்றேன்.